மாதம் தவறாமல் ஒழுகிய ஜீப்பு

தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்காக என்னையும் எழுதச் சொன்னார்கள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது. எல்லாம் நான் செய்தது.

எஞ்சினுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்ச் சட்டிக்குக் கேஸ்கெட், அதாவது கசியாமல் இருக்க நடுவில் வைக்கும் கார்க் பட்டை, எப்படி மாற்றுவது என்று நான் சொல்லித்தரப் போவதில்லை. எந்தப் போல்ட்டுக்கு எந்த ஸ்பானர் என்பதெல்லாம் உங்களுக்கு ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். வராவிட்டால் வேறு வேலை பாருங்கள். நான் சொல்ல வந்தது ஒரு ஜீப்பைப் பற்றி. அதே கேஸ்கெட்டை அந்த ஜீப்புக்கு நாலு தடவை மாற்றினேன். முதல் மூன்றும் அரைகுறை. தெரியாமல் அல்ல. நாற்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்தேன், இதை யாரிடமும் பேசியதில்லை. பட்டறையில் எங்கள் முதலாளிக்கு மட்டும் தெரிந்திருக்கும். அவர் இப்போது இல்லை.

பட்டறை காஜா பெராங் சாலையோரம் இருந்தது. தகரக் கூரை, மண் தரை. முதலாளி சீனர், நாங்கள் தவுக்கே என்போம். வேலைக்கு என்னோடு மூன்று பேர். எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. பட்டறைக்குப் பின்னால் ஓர் அறையில் படுத்துக்கொள்வேன். அது மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருடம். இந்த நாட்டில் குடியுரிமை எடுப்பதா, கப்பல் ஏறி ஊருக்குப் போவதா என்று கோப்பிக் கடையில் தினமும் சத்தம். நான் வாய் திறக்க மாட்டேன். கேட்டுக்கொண்டிருப்பேன்.

வருடத் தொடக்கத்தில் அந்த ஜீப்பு வந்தது. பத்து பெரெண்டாம் என்ற ஊருக்கும் அப்பால் ஒரு ரப்பர் தோட்டம். பட்டாளத்தில் ஓடி முடித்துக் கழித்த வண்டியை அங்கே தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வாங்கிப் போட்டிருந்தார்கள். நாலு சக்கரமும் இழுக்கும். மழைக் காலத்தில் அந்தச் செம்மண்ணில் வேறு எந்த வண்டியும் ஏறாது. லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், யாருக்காவது உயிர் போகிற நிலை என்றால், டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர அது ஒன்றுதான்.

ஓட்டி வந்தவன் ஓஸ்மான். அந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த மலாய்க்காரன். தமிழை என்னைவிட வேகமாகப் பேசுவான். பக்கத்தில் மிஸ்ஸி. அந்தக் காலத்தில் தோட்டத்து நர்ஸை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவது. வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை. பெயர் கமலம். அந்தப் பெயரை நான் ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை.

"அலாமாக், வர்ற வழியெல்லாம் எண்ணெய்க் கோலம் போட்டுக்கிட்டே வருதுண்ணே," என்றான் ஓஸ்மான்.

அடியில் படுத்துப் பார்த்தேன். ஏதோ மரக்கட்டையில் மோதிச் சட்டியின் பின் மூலை வளைந்திருந்தது. அதற்கு முன்பே எவனோ, கசிவு நிற்கட்டும் என்று போல்ட்டையெல்லாம் வெறி பிடித்தவன் மாதிரி முறுக்கியிருந்தான். விளிம்பில் ஒவ்வொரு துளையும் குழிவாகிக் கிடந்தது. இந்த இடத்தில் ஒன்று சொல்கிறேன். கசிந்தால் முறுக்காதீர்கள். முறுக்க முறுக்கத் தகரம் வளையும், கார்க் வெளியே பிதுங்கும், இன்னும் கசியும். கோபத்தில் ஸ்பானரைத் தொடாதீர்கள். போய் ஒரு கோப்பி குடித்துவிட்டு வாருங்கள்.

அந்த ஜீப்பில் முன் அச்சு சட்டிக்குக் குறுக்கே நிற்கும். சட்டியை இறக்கவே வண்டியைத் தூக்கி நிறுத்த வேண்டும். புது கார்க் வைத்து, வளைந்த இடத்தில் பசையை அப்பி மேலே ஏற்றினால் அரை நாள் வேலை. ஒரு மாதம் தாங்கும். விளிம்பைத் தட்டிச் சமன் செய்து, புதுக் கார்க்கை ஊற வைத்துப் பூட்டி, மறுநாள் திரும்ப இறுக்கினால் இரண்டு நாள். வருடக் கணக்கில் நிற்கும்.

"ரெண்டு நாள் ஆகும்," என்றேன்.

"ரெண்டு நாளா?" மிஸ்ஸி குடையை மடக்கினார். "லயத்துல ரெண்டு புள்ளைங்க காய்ச்சல்ல கெடக்குதுங்க. சாயங்காலத்துக்குள்ள மருந்தோட நான் போயாகணுங்க."

"அப்படின்னா இன்னிக்கு ஒட்டுப் போட்டுத் தர்றேன். ஒரு மாசம் ஓடும். அடுத்த மாசம் கொண்டாந்து ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க."

"தாங்குமா?"

"தாங்கும். எண்ணெய் மட்டும் தினமும் பாக்கணும்."

"எப்படிப் பாக்குறது?"

"ஓஸ்மான் பாத்துக்குவான்."

"எனக்குக் காட்டுங்க. வண்டியில போறது நானும்தானே."

அளவுக் கம்பியை உருவிக் காட்டினேன். இந்தக் கோட்டுக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும் என்றேன். அவர் அதைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார்.

"தெர்மாமீட்டர் மாதிரி இருக்கு. இத வண்டிக்கு வாயில வெக்கணுமா, கக்கத்துலயா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளேயிருந்து தவுக்கே எட்டிப் பார்த்தார். நான் சிரித்து அவர் பார்த்ததில்லை.

முதல் தடவை செய்தது தப்பில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் செய்வேன். காய்ச்சல்காரப் பிள்ளைகள் காத்திருக்கும்போது விளிம்பைத் தட்டிக்கொண்டு உட்கார முடியாது. அரை நாள் வேலை நடந்தது. மிஸ்ஸி ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஓஸ்மான் கோப்பிக் கடைக்குப் போய்விட்டான். நான் அடியில் படுத்திருந்தேன். அங்கிருந்து எனக்குத் தெரிந்தது அவர் செருப்பும் சேலைக் கரையும்தான். இந்த எண்ணெய் எஞ்சினுக்குள் என்ன செய்கிறது என்று மேலேயிருந்து கேட்டார். இரும்பும் இரும்பும் உரசாமல் நடுவில் வழுக்க வேண்டும், அவ்வளவுதான் என்று கீழேயிருந்து சொன்னேன். ஒரு பெண்ணோடு நான் அதுவரை அவ்வளவு நேரம் பேசியதில்லை.

அடுத்த மாதம், மருந்து வாங்க வரும் அதே தேதியில் வந்தார்கள்.

"கிராணிகிட்ட சொல்லியாச்சுண்ணே," என்றான் ஓஸ்மான். கிராணி என்றால் தோட்டத்து எழுத்தர். "வண்டிய ரெண்டு நாள் விட்டுட்டு வரச் சொன்னாரு. எங்கள ஏத்திக்க லாரி வருது."

நான் வண்டியைப் பார்த்தேன். பெட்டியைப் பார்த்தேன். வண்டியை விட்டால் லாரி வந்ததும் ஏறிப் போய்விடுவார். ஒட்டுப் போட்டால் அரை நாள் இங்கே இருப்பார். இதற்குமேல் நான் ஒன்றும் யோசிக்கவில்லை.

"லாரி வேணாம். இன்னும் கொஞ்சம் ஓடட்டும், பாப்போம். இன்னிக்கே முடிச்சுத் தர்றேன்."

ஓஸ்மான் தோளைக் குலுக்கிவிட்டுப் போனான். மிஸ்ஸி பெட்டியை அவரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். செய்தித்தாளில் மடித்துத் தோட்டத்து மாங்காய் கொண்டுவந்திருந்தார். உப்பும் மிளகாய்த் தூளும் தனிப் பொட்டலத்தில். என் கை முழுக்கக் கருப்பு. கத்தியில் குத்தி நீட்டினார். வாயால் வாங்கிக்கொண்டேன்.

மூன்றாவது மாதமும் அப்படியே. அன்றைக்குத் தவுக்கே வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். அவர் பேசுவது சந்தை மலாய். தமிழில் எழுதுகிறேன்.

"இந்த ஜீப்பு சம்பள நாள் மாதிரி தேதி தவறாம வருதே. உன் கைக்கு என்ன ஆச்சு?"

"கார்க் நல்லா இல்ல, தவுக்கே."

"கார்க்கா?" அவர் பெட்டியில் உட்கார்ந்திருந்த மிஸ்ஸியைப் பார்த்தார். திரும்பி என் காலைப் பார்த்தார். அதுதான் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "ஓ. கார்க்." உள்ளே போய்விட்டார்.

அன்று மிஸ்ஸி கொஞ்சம் அதிகம் பேசினார். நாகப்பட்டினம் பக்கம் சொந்த ஊர். அம்மாவும் கூடத்தான் இருக்கிறார், ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று தினமும் சொல்கிறார். அப்பா இல்லை. கூடப் பிறந்தவர்கள் அங்கே.

"நீங்க போகலையா?" என்று என்னைக் கேட்டார்.

"எனக்கு அங்க யாரும் இல்ல."

"இங்க?"

"இங்கயும் இல்ல."

அவர் செருப்பு அசையாமல் இருந்தது. "சரி, வேலையப் பாருங்க," என்றார்.

நான் வேலையைப் பார்த்தேன். அதே அரைகுறை வேலை. தம்பிகளே, இதைக் கவனியுங்கள். என் கணக்கில் எங்கும் ஆபத்து இல்லை. ஓஸ்மான் தினமும் கம்பியைப் பார்ப்பான், குறைந்தால் ஊற்றுவான், ஒரு மாதத்தில் இங்கே வந்துவிடுவான். எல்லாம் ஓஸ்மானை நம்பிப் போட்ட கணக்கு. ஓஸ்மான் இல்லாத ஒரு நாளை நான் அதில் சேர்க்கவில்லை.

ராயாவுக்கு, அதாவது நோன்புப் பெருநாளுக்கு, ஓஸ்மான் லீவு போட்டான். உஜோங் பாசிரில் மாமியார் வீடு. தோட்டத்தில் டிராக்டர் ஓட்டும் ஓர் ஆளிடம் ஜீப்புச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

ராயா நாள் மத்தியானம். சீனர் பட்டறை, நாங்கள் திறந்துதான் வைத்திருந்தோம். சாலையில் வண்டியே இல்லை. அந்த ஜீப்பு மெதுவாக வந்து நுழைந்தது. அதற்கு முன்னாலேயே வாசனை நுழைந்தது. தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு அந்த வாசனை சாகும்வரை மறக்காது. பிள்ளைகளைப் பிடித்துப் பேதிக்குப் புகட்டுவார்களே, அந்த விளக்கெண்ணெய். சூட்டில் காய்ந்த விளக்கெண்ணெய்.

"யாருக்குடா பேதி மருந்து?" என்று பக்கத்தில் வேலை செய்தவன் மூக்கைப் பிடித்தான்.

டிராக்டர்காரன் இறங்கினான். "நான் டிராக்டர் ஓட்டுறவண்ணே. ராத்திரி முழுக்க நின்ன வண்டி, அப்படியே எடுத்துட்டேன். கம்பியப் பாக்கணும்னு எனக்கு யாரும் சொல்லலண்ணே."

மிஸ்ஸி பின்னாலிருந்து இறங்கினார். வெள்ளைச் சேலையில் இடுப்புக்குக் கீழே ரத்தம்.

"என் ரத்தம் இல்லைங்க," என்றார். "தண்ணி குடுங்க."

குடித்துவிட்டுத்தான் சொன்னார். லயத்தில் ஒரு பெண்ணுக்குத் தலைப்பிரசவம். காலையிலிருந்து ரத்தம் நிற்கவில்லை. அந்தப் பெண்ணையும் அதன் அம்மாவையும் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். பத்து பெரெண்டாம் தாண்டியதும் எஞ்சின் கொல்லன் பட்டறை மாதிரி தட்டியிருக்கிறது.

"நிறுத்துன்னேன். எறங்கிப் போயிக் கம்பிய உருவினேன். நுனியில ஒண்ணுமே இல்ல. ராயா, கடை ஒண்ணும் தொறக்கல. ரோட்டுல ஒரு வண்டி இல்ல. அந்தப் பொண்ணு கண்ணு சொருகிக் கெடக்கு. இவரு என்னடான்னா சாமி கும்புடுறாரு."

"பயந்துட்டேன் மிஸ்ஸி," என்றான் டிராக்டர்காரன்.

"எண்ணெய்தானே, நடுவுல வழுக்குனா போதும்னு நீங்க சொன்னீங்கல்ல. பிரசவப் பெட்டியில ஒரு பாட்டில் விளக்கெண்ணெய் இருந்துச்சு. தோட்டத்துல எல்லாரையும் வழுக்குதே, இத வழுக்காதான்னு ஊத்திட்டேன். கம்பியில கொஞ்சம்தான் ஏறுச்சு. பொண்ணோட அம்மா பையில இன்னொரு பாட்டில். கேட்டா குடுக்க மாட்டேங்குது. 'எம் பேரனுக்குத் தேச்சு விட வெச்சிருக்கேன், நீ எஞ்சினுக்கா ஊத்துறே'ன்னு பைய கட்டிப் புடிச்சிக்கிச்சு. 'பேரன் வேணும்னா குடும்மா'ன்னேன். குடுத்துடுச்சு. ஆள் நடக்குற வேகத்துல ஓட்டச் சொல்லி ஆஸ்பத்திரி வாசல்ல கொண்டாந்து சேத்தாச்சு."

பட்டறையே சிரித்தது. தவுக்கே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஜீப்புக்குப் பேதி கொடுத்த மிஸ்ஸி என்றார். மிஸ்ஸியும் சிரித்தார்.

"அந்தப் பொண்ணு?" என்றேன்.

சிரிப்பு நின்றது. "ஆபரேஷன் ரூம்ல. ஒண்ணும் சொல்ல முடியாதுன்னாங்க."

நான் வண்டிக்கு அடியில் போனேன். பின் மூலையில் கார்க் நாக்கு மாதிரி வெளியே தள்ளித் தொங்கிக்கொண்டிருந்தது. என் பசை, என் ஒட்டு. ஒரு விரல் போகும் அளவுக்கு இடைவெளி. படுத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மற்றவர்கள் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். மிஸ்ஸி வண்டிக்குப் பக்கத்தில் வந்து குந்தினார். தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தார். எத்தனையோ நேரம் செருப்பை மட்டும் பார்த்த இடத்தில் முகம் இருந்தது.

"ஒண்ணு கேக்குறேன். மொத தடவ நீங்கதான் ரெண்டு நாள் கேட்டீங்க. அப்பறம் கிராணி லாரி தர்றேன்னாரு. நீங்க வேணாம்னீங்க. போன மாசமும் வேணாம்னீங்க. ஏன்?"

நான் ஸ்பானரைச் சட்டையில் துடைத்தேன்.

"எனக்குத் தெரியும்," என்றார் மெதுவாக. "தெரிஞ்சுதான் நானும் வந்தேன். மருந்து வாங்க ஓஸ்மான் ஒருத்தரு போதும். முன்னயெல்லாம் அவருதான் போவாரு. இந்த மூணு மாசமா நான் வர்றேன். அந்தப் பொண்ணு பொழைக்கலைன்னா பாதி என்னைச் சேரும்."

"உங்க மேல ஒண்ணும் இல்ல," என்றேன். "வேல என்னோடது."

"இந்தத் தடவ ஒழுங்காச் செஞ்சிடுங்க."

"செய்றேன்."

"இனிமே ஒழுகக் கூடாதுங்க."

"ஒழுகாது."

அவர் எழுந்திருக்கவில்லை. அப்படியே குந்தியிருந்தார்.

"வேற ஏதாச்சும் சொல்லணுமா?"

எண்ணெய் என் மணிக்கட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. கையில் ஸ்பானர். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இப்போது யோசித்துக் கண்டுபிடித்ததல்ல. அப்போதே தெரியும். ஆனால் மேலே அந்தக் கார்க் தொங்குகிறது. அந்தப் பெண் ஆபரேஷன் அறையில் கிடக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே அந்தப் பேச்சைப் பேச எனக்கு யோக்கியதை இல்லை என்று பட்டது.

"ரெண்டு நாள் ஆகும்," என்றேன்.

"சரிங்க."

எழுந்து போனார். ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்து போவது வண்டிக்கு அடியிலிருந்து தெரிந்தது. கொஞ்ச தூரத்துக்குச் செருப்பு. அப்புறம் சாலை.

இரண்டு நாள் அந்த வேலையை நான் ஒருவனே செய்தேன். யாரையும் தொட விடவில்லை. சட்டியை இறக்கி, பெட்ரோலில் கழுவி, தண்டவாளத் துண்டில் விளிம்பை வைத்துச் சின்னச் சுத்தியலால் துளை துளையாகத் தட்டினேன். கண்ணாடித் தகட்டில் கவிழ்த்து, சிகரெட் தாள் எங்கே நுழைகிறது என்று பார்ப்பேன். நுழைந்த இடத்தைத் திரும்பத் தட்டுவேன். இரண்டாம் நாள் காலையில் எல்லா இடமும் சரியாகிவிட்டது. அந்தப் பின் மூலையில் மட்டும் தாள் இன்னும் நுழைந்தது. ஒரே ஒரு தாள் கனம்.

அங்கே கை நின்றது. அதை மறைக்க மாட்டேன். அந்த ஒரு தாள் கனத்தை விட்டுவிட்டால் ஒன்றும் ஆகாது. ஆறு மாதத்தில் மெல்லக் கசியும். சொட்டுதான். ஓஸ்மானும் வந்துவிட்டான், பார்த்துக்கொள்வான். யாருக்கும் ஆபத்து இல்லை. வண்டி ஒரு தடவை வரும். சுத்தியலைக் கையில் பிடித்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒழுகக் கூடாது என்று அவர் சொன்னார். ஒழுகாது என்று நான் சொன்னேன். அவரிடம் நான் முழுசாகச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான். தட்டினேன். தாள் நுழையவில்லை.

தவுக்கே வந்து நின்றார். கண்ணாடியில் கவிழ்ந்திருந்த சட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"இதத்தான் அப்பவே செஞ்சிருக்கணும்."

"ஆமா, தவுக்கே."

"இனிமே இந்த வண்டி வராது."

"வராது."

"கீலா," என்றார். பைத்தியம் என்று அர்த்தம். முன்னால் செய்ததற்குச் சொன்னாரா, இப்போது செய்ததற்கா என்று எனக்குத் தெரியாது.

வண்டியை எடுக்க ஓஸ்மான் வந்தான். மிஸ்ஸி முதல் நாளே தோட்டத்து லாரியில் போய்விட்டாராம்.

"அந்தப் பொண்ணு பொழைச்சிருச்சுண்ணே. ஆம்பளப் புள்ள. அந்தம்மா இன்னும் எண்ணெய் போச்சேன்னு பொலம்புது. பேரனுக்குத் தேச்சு விட ஒண்ணுமில்லையாம், தோலெல்லாம் முரடாப் போயிடுமாம்."

நான் பாசார்ச் சந்தைக்குப் போய் இரண்டு பாட்டில் விளக்கெண்ணெய் வாங்கி வந்தேன். அந்த அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன். மிஸ்ஸிக்கு ஏதாவது சொல்லணுமா என்று ஓஸ்மான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், வண்டி சரியாகிவிட்டது என்றுதான் சொல்லியிருப்பேன்.

அடுத்த மாதம் அந்தத் தேதி வந்தது. காலையில் மண் தரையைக் கூட்டினேன். வழக்கமாகக் கூட்டுவது நான் இல்லை. சாலையில் ஜீப்புச் சத்தம் கேட்டால் தலையை வெளியே நீட்டுவேன். சத்தத்தை வைத்தே அது இல்லை என்று தெரியும். தெரிந்தும் நீட்டுவேன். அதற்கு அடுத்த மாதமும் அப்படித்தான். நன்றாகச் செய்த வேலை கெட வேண்டும் என்று ஆசைப்பட்ட மெக்கானிக்கை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். நான் ஆசைப்பட்டேன். அது கெடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு பத்து பெரெண்டாம் வரை போனேன். அங்கே ஒரு கடையில் நின்று தண்ணீர் குடித்தேன். தோட்டத்துக்குப் போய் என்ன கேட்பது? வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்கலாம். எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியும். திரும்பி வந்துவிட்டேன்.

சுதந்திர நாளன்று ஊரே திடலுக்குப் போனது. தோட்டங்களிலிருந்து லாரி லாரியாக ஜனங்கள். நான் சாலையோரம் நின்றேன். கொடிகளுக்கு நடுவில் அந்த ஜீப்பு வந்தது. முன்னால் தென்னங்குருத்துத் தோரணம். பின்னால் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். ஓஸ்மானுக்குப் பக்கத்தில் மிஸ்ஸி. என்னைப் பார்த்துவிட்டார். குடையைக் கொஞ்சம் தூக்கினார். பின்னால் லாரிகள் ஹார்ன் அடித்தன. ஓஸ்மான் நிறுத்த முடியாது. நான் கையைத் தூக்கவில்லை. எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். சுத்தமாக ஓடியது. தொழில் புத்தி, அதைத்தான் முதலில் கேட்டது. கையைத் தூக்கியிருக்கலாம் என்று தோன்றியபோது கூட்டம் மறைத்துவிட்டது.

இதில் உங்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இரண்டு விஷயம். வண்டிக்கு அவசர ஒட்டுப் போடும் நாள் வரும். போடுங்கள். இரண்டாவது தடவையும் போடுவதற்கு ஒரு காரணம் மனசில் வந்தால், அந்தக் காரணத்தை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவனிடம் சொல்ல முடியாத காரணம் என்றால் ஸ்பானரைக் கீழே வையுங்கள். இன்னொன்று, ஒரு ஆளிடம் சொல்ல வேண்டியதை அந்த ஆளிடமே சொல்லுங்கள். வேலையை ஒழுங்காகச் செய்தால் அது போய்ச் சேர்ந்துவிடும் என்று நினைத்தேன். சேராது. வேலை தனி, சொல் தனி.

மறு வருடம் அந்தத் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். அப்போது பல தோட்டங்களுக்கு அதுதான் நடந்தது. லயத்து ஜனங்கள் ஆளுக்கு ஒரு திசையாகப் போனார்கள். ஒரு நாள் காலையில் ஓஸ்மான் பஸ்ஸில் வந்து இறங்கினான். சிங்கப்பூரில் லாரி வேலை கிடைத்திருக்கிறது, சொல்லிவிட்டுப் போக வந்தேன் என்றான். கோப்பி வாங்கிக் கொடுத்தேன்.

"மிஸ்ஸி?" என்றேன்.

"கப்பல் ஏறிட்டாங்கண்ணே. போன மாசம். அம்மாவுக்கு முடியல, ஊர்லதான் கண்ண மூடணும்னு ஒரே பிடிவாதம். தோட்டமும் இல்லன்னு ஆயிடுச்சு, இங்க இருந்து என்ன செய்வாங்க?"

கோப்பியை ஊதினான்.

"ஜீப்பு?" என்றேன்.

"அதுக்கென்ன, குண்டு மாதிரி ஓடுச்சு. வாங்குனவன் ஓட்டிட்டுப் போயிட்டான். ஒரு சொட்டு விழலண்ணே." அவன் சிரித்தான். "மிஸ்ஸிக்குத்தான் நம்பிக்கையே வரல. மருந்து வாங்கப் போற நாள் வந்தா காலையிலயே வந்து வண்டிக்குப் பக்கத்துல குந்திடும். அடியில கைய விட்டு அந்தச் சட்டிய ஒரு சுத்துத் தடவிப் பாக்கும். அப்பறம் விரல் விரலாப் பாக்கும். ஒரு மாசம் விடலண்ணே. கப்பலுக்குப் போற மாசம் கூடப் பாத்துச்சு."

"பாத்துட்டு?"

"பாத்துட்டு என்ன. 'காஞ்சுதான் இருக்கு ஓஸ்மான், நீ மட்டும் போயிட்டு வா'ன்னு சொல்லிட்டு உள்ள போயிடும்."

ஓஸ்மானுக்குப் பஸ் வந்துவிட்டது. கை கொடுத்துவிட்டு ஓடினான்.

நான் பட்டறைக்கு வந்தேன். ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. அதற்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். தவுக்கே ஒரு தடவை வந்து என் காலைப் பார்த்துவிட்டுப் போனார். அந்த லாரியில் அன்றைக்கு அடியில் வேலை எதுவும் இல்லை.